44 டிகிரி: மகளுக்கு முதுகு ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: 2024 பிப்ரவரி 11, காலை

தேவகோட்டையில் இருக்கிறோம். மகளுக்குப் பன்னிரண்டரை வயது. பொங்கலுக்குப் புதுப் பாவாடை சட்டை போட்டுவிட்டபோதுதான் வலது தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். மதுரையில் எக்ஸ்ரே எடுத்ததில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது (ஸ்கோலியோசிஸ்), வளைவு 44 டிகிரி என்றார்கள். வயதுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆபரேஷன் தேவைப்படலாம் என்கிறார் டாக்டர். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. முதுகைத் திறந்தால் நடை போய்விடும், நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் என்ன சொல்வது என்கிறார்கள். எண்ணெய் தேய்த்து, பெல்ட் போட்டு நேராக்க முடியாதா? இந்த வளைவோடு இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: 2024 பிப்ரவரி 11, இரவு 9.40

நான் இருக்கிறேன். காரைக்குடி, 34 வயது, 54 டிகிரி. ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. கண்டாங்கிச் சேலைக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன், ஏழு வயதில் மகன் இருக்கிறான், குடத்தில் தண்ணீர் தூக்குகிறேன். சாயங்காலமானால் வலது விலாவுக்குக் கீழே வலிக்கும், படுத்தால் சரியாகிவிடும். 44க்கெல்லாம் கத்தி வைக்க வேண்டாம் ஆச்சி. அவசரப்படாதீர்கள்.

பிப்ரவரி 12, காலை 6.15

ராத்திரி எழுதியதைத் திருத்துகிறேன். படுத்த பிறகு உங்கள் கேள்வியில் இருந்த ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது: ‘வயதுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.’ அதைக் கவனிக்காமல் என் கதையை வைத்துப் பதில் சொல்லிவிட்டேன். தப்பு.

எனக்கு முதல் எக்ஸ்ரே எடுத்தபோது 15 வயது, வளர்த்தி கிட்டத்தட்ட முடிந்திருந்தது. உங்கள் மகளுக்கு இன்னும் வளர்த்தி இருக்கிறது. இந்த வளைவு பிள்ளைகள் உயரும்போதுதான் வேகமாகக் கூடும். வயதுக்கு வருவதற்குச் சற்று முன்னால்தான் உச்ச வேகம், அதற்குப் பிறகும் இரண்டு வருடம் போல உயருவார்கள். அதனால் 15 வயதில் இருக்கும் 44ம் பன்னிரண்டரை வயதில் இருக்கும் 44ம் ஒன்றல்ல.

எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ‘ரிஸ்ஸர்’ என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் எலும்பு எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்பதை 0 முதல் 5 வரை சொல்வார்கள். 0, 1 என்றால் வளர்த்தி நிறைய பாக்கி. 4, 5 என்றால் முடிகிற கட்டம். அந்த எண்ணைச் சொல்லுங்கள். அதுவரை ‘வேண்டாம்’ என்று நான் சொன்னதைக் கணக்கில் வைக்காதீர்கள்.

பிப்ரவரி 12, மதியம்

ரிஸ்ஸர் 1 என்று எழுதியிருக்கிறார்கள். சரி. அப்படியானால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிற விஷயமில்லை இது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தீர்கள். என் முதுகை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, எங்கள் தெருத் தையற்காரர். 2003, எனக்கு 13 வயது. பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவெடுத்தவர் நாடாவைக் கழுத்தடியிலிருந்து இடுப்புக்கு இறக்கினார், எடுத்துவிட்டு மறுபடி வைத்தார், மூன்றாம் தடவையும் வைத்தார். நோட்டில் வலதுக்கு ஒன்றும் இடதுக்கு ஒன்றுமாக இரண்டு அளவு எழுதினார், முக்கால் இஞ்ச் வித்தியாசம். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் மெதுவாக, ‘பாப்பாவை ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டுங்க ஆச்சி’ என்றார். சட்டை கச்சிதமாக வந்தது. நான் கோணலாக இருப்பது தெரியாதபடி வெட்டியிருந்தார்.

அம்மா காட்டினார்கள். அந்த டாக்டர் சட்டைக்கு மேலேயே ஒரு பார்வை பார்த்துவிட்டு, புத்தகப் பை கனம், நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள் என்று கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரண்டு வருடம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டேன். புத்தகப் பையால் இந்த வளைவு வருவதில்லை, உட்காரும் விதத்தாலும் வருவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு எதனால் வருகிறது என்றே தெரியாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வர வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். பெல்ட் போட்டுப் பார்க்க வேண்டிய வயது எனக்கு அந்த இரண்டு வருடத்தில் போய்விட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனது ஆறாது.

பத்து வயதைத் தாண்டிய பெண்பிள்ளை யார் வீட்டில் இருந்தாலும் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக்கொண்டு முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று முதுகின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். விலா எலும்பும் கூடவே திரும்புவதால் ஒரு பக்கம் திண்டு மாதிரி எழும்பித் தெரியும். ஆடம்ஸ் என்பவர் 1865இல் சொன்ன சோதனை, செலவே இல்லாதது. பையன்களுக்கும் செய்து பாருங்கள், ஆனால் பெரிய வளைவு பெண்பிள்ளைகளுக்குத்தான் மிக அதிகம்.

பிப்ரவரி 18

எண்ணெய் பற்றி. எனக்கும் ஆயா (பாட்டி) ஒரு வருடம் தேய்த்துவிட்டார்கள். நல்லெண்ணெயில் ஓமம் காய்ச்சி, வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) வெயில் விழும் இடத்தில் குப்புறப் படுக்கவைத்து, செக்குமாடு மாதிரி கிடக்கிறாய் என்று செல்லமாகத் திட்டிக்கொண்டே தேய்ப்பார்கள். வலி இளகும், நல்ல தூக்கம் வரும். வளைவு ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. தசை இறுக்கத்துக்குத் தேய்க்கலாம். எலும்பை நீவி நேராக்குகிறேன் என்று யாராவது முட்டியை வைத்து அழுத்த வந்தால் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

பெல்ட் வேறு விஷயம், அதைப் பிரேஸ் என்பார்கள். கடையில் விற்கும் இடுப்பு பெல்ட் இல்லை. உடம்புக்கு அளவெடுத்து கெட்டி பிளாஸ்டிக்கில் செய்வது. வளைந்ததை அது நேராக்காது, மேலே கூடாமல் பிடித்து நிறுத்தப் பார்க்கும். 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், வளர்த்தி பாக்கியிருந்த, 20 முதல் 40 டிகிரி வரை வளைவு இருந்த பிள்ளைகளைப் பார்த்தார்கள். பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர், வழக்கமாக ஆபரேஷனை யோசிக்கும் 50 டிகிரியைத் தொடாமல் வளர்த்தியை முடித்தார்கள். போடாதவர்களில் 48 சதவீதம். ஒரு நாளைக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் தப்பித்தார்கள். எண்களைப் பார்த்தால் தெரியும், போடாமலே பாதிப் பேர் தப்பித்திருக்கிறார்கள், போட்டும் சிலர் தப்பவில்லை.

உங்கள் மகளுடையது 44. அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. முயற்சி செய்து பார்க்கலாம் என்று சில டாக்டர்கள் சொல்வார்கள், வீண் என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும், அதையும் யோசியுங்கள். உள்ளே தையல் இல்லாத பருத்தி பனியன் போட வேண்டும், இல்லாவிட்டால் வேர்வையில் தோல் புண்ணாகிவிடும்.

மார்ச் 3

நடை போய்விடுமா என்ற பயம். எங்கள் வீட்டிலும் இந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் எனக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். முதுகின் நடுவே நீளமாகத் திறந்து, வளைவில் இருக்கும் எலும்புகளில் இரண்டு பக்கமும் ஸ்க்ரூ போடுகிறார்கள். அவற்றில் இரண்டு ராடுகளைப் பூட்டி, எவ்வளவு பாதுகாப்போ அவ்வளவு நேராக்குகிறார்கள். அப்புறம் எலும்புத் துணுக்குகளை மேலே பரப்புகிறார்கள். அடுத்த ஆறு மாதம், ஒரு வருடத்தில் அந்தப் பகுதி முழுவதும் ஒரே எலும்பாக ஒட்டிக்கொள்ளும். அதுவரை தாங்கிப் பிடிப்பதுதான் ராடின் வேலை. 1960களில் ஹாரிங்டன் ராடு வந்த காலத்தில் ஆபரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு கிடப்பார்களாம். இப்போது இரண்டாம் நாளிலேயே எழுப்பி நிற்கவைத்துவிடுகிறார்கள்.

நரம்புக்கு ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. ஆனால் காரணம் தெரியாமல் வரும் இந்த வகை வளைவில், வேறு நோயில்லாத பிள்ளைகளுக்கு, அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆபரேஷன் நடக்கும்போதே மூளையிலிருந்து காலுக்குச் செய்தி போய் வருகிறதா என்று மானிட்டரில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். செய்தி மங்கினால் அங்கேயே கையை நிறுத்திவிட்டு, நேராக்கியதைத் தளர்த்துவார்கள். அந்த மானிட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாத இடத்தில் செய்யாதீர்கள்.

ஒட்டிய பகுதி அப்புறம் வளையாது. அது நிரந்தரம். எதுவரை ஒட்டுகிறார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மார்புப் பகுதியோடு நின்றால் பெரிதாக வித்தியாசம் தெரியாது, அங்கே எல்லோருக்குமே வளைந்துகொடுப்பது கம்மிதான். இடுப்புப் பக்கம் கீழே இறங்க இறங்கக் குனிவது, திரும்புவது சிரமமாகும்.

மார்ச் 4

கல்யாணம். எனக்கு ஆயிற்று. பெண் பார்க்க வந்தபோதே அப்பச்சி (அப்பா) எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டிவிட்டார். இரண்டு வீட்டார் போய்விட்டார்கள், மூன்றாவதாக வந்தவர் இருந்தார். பிரசவம் சிசேரியன். முதுகில் ஊசி போட மயக்க டாக்டர் மூன்று தடவை இடம் தேட வேண்டியிருந்தது. ஆபரேஷன் செய்தவர்களுக்கும் பிள்ளை பெறுவதில் தடையில்லை, ஊசி போடுவதுதான் சிலருக்குச் சிரமமாகும். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முதுகெலும்பை வரப்போகிற சம்பந்தியை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

ஏப்ரல் 21

உங்களுக்கு எழுத எழுத என் விஷயம் கிளம்பிவிட்டது. வீட்டுக்காரரிடம், நானும் ஒருமுறை காட்டிவிடுகிறேன் என்றேன். 2005இல் ரிப்போர்ட்டில் 42 என்று இருந்தது. போன வருடக் கடைசியில் 54. 12 டிகிரி ஏறியிருக்கிறது. 50ஐத் தாண்டிய மார்பு வளைவு, வளர்த்தி முடிந்த பிறகும் வருடத்துக்குச் சராசரியாக ஒரு டிகிரி போல ஏறும் என்பார்கள். அப்படியே போனால் அறுபது வயதில் எங்கே போய் நிற்கும்? 80ஐத் தாண்டினால் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். இப்போதே செய்துகொள்வோம் என்று பாதி முடிவோடு மதுரைக்குப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, பழைய ஃபிலிம் இருந்தால் கொண்டுவாருங்கள், ரிப்போர்ட் போதாது என்று திருப்பி அனுப்பினார்.

ஃபிலிம் பெரிய வீட்டில் பெட்டகத்துக்குள் இருக்க வேண்டும். அந்த வீட்டைத் திறந்தே எட்டு மாதம் ஆகிறது.

ஏப்ரல் 28

கிடைத்தது. ஆயாவின் ஓலைக் கொட்டான்களுக்கு அடியில், மஞ்சள் உறையில், ஓரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

எடுத்துக்கொண்டு வளவுக்கு வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். 2005இல் ஐயா (தாத்தா) இதே இடத்தில், இதே மாதிரி வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார். சுற்றி அப்பச்சி, பெரியப்பச்சி, அம்மான் எல்லோரும். நான் இரண்டாங்கட்டு நிலைப்படியில் நின்றேன். அங்கிருந்துதான் என் முதுகெலும்பை முதன்முதலாகப் பார்த்தேன், காய்ந்த முருங்கைக்காய் மாதிரி வளைந்திருந்தது. ‘பொம்பளப் பிள்ளை முதுகுல கத்தி வைக்க வேண்டாம்’ என்றார் ஐயா. சரி என்றார்கள். ஃபிலிமை உறையில் போட்டார்கள். காப்பி வந்தது. எனக்கு வலிக்கிறதா என்றோ, எனக்கு என்ன வேண்டும் என்றோ ஒருவரும் கேட்கவில்லை. அன்பில்லாதவர்கள் இல்லை அவர்கள். ஐயா அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று ஆயா பிறகு சொன்னார்கள்.

மே 5

நம்ப முடியாத ஒன்று. டாக்டர் பழைய ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, அதிகம் சாய்ந்திருக்கும் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் தேடி, பென்சிலால் கோடு போட்டு அளந்தார். 47 வந்தது.

2005இல் அளந்தவர் ஓர் எலும்பு தள்ளிக் கோடு போட்டிருக்கிறார். புது எக்ஸ்ரேயையும் அவரே அளந்தார், 53. அப்படியென்றால் 19 வருடத்தில் 6 டிகிரி. ஒரே ஃபிலிமை இரண்டு பேர் அளந்தாலே 5 டிகிரி வரை முன்பின் வருமாம். அதாவது என் வளைவு ஏறியிருந்தாலும் மிக மெதுவாகத்தான் ஏறியிருக்கிறது. மூச்சுச் சோதனையும் நன்றாக இருந்தது.

என் வயதில் செய்தால் முதுகு இறுகிப்போயிருக்கும், நீளமாக ஒட்ட வேண்டிவரும், சிக்கல்களும் பிள்ளைகளுக்கு வருவதைவிடக் கூடுதல் என்றார். வலி போகும் என்று உறுதி தர மாட்டேன் என்றும் நேராகவே சொன்னார். இரண்டு வருடம் கழித்து அதே இடத்தில், அதே மாதிரி நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம், அதுவரை உடற்பயிற்சி. சரி என்று வந்துவிட்டேன். ஏப்ரல் 21 அன்று நான் எழுதிய கணக்கு தப்பு, யாரும் அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டாலும் ஃபிலிமைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று. அமெரிக்காவின் அயோவாவில், சிகிச்சையே எடுக்காதவர்களை 50 வருடம் தொடர்ந்து பார்த்து 2003இல் எழுதினார்கள். பெரும்பாலோர் வேலை, குடும்பம் என்று நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்கள். முதுகுவலி மற்றவர்களைவிட அதிகம். பெரிய வளைவுக்காரர்களுக்கு மூச்சுத் திணறல். எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் இதை உங்கள் மகளுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள், அவள் வளைவு எங்கே போய் நிற்கும் என்று இன்னும் தெரியாது.

ஜூன் 23

நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். நாலு மாதத்தில் 44 இப்போது 52. அதே இடம், அதே டாக்டர், அவரே அளந்தது. 8 டிகிரியை அளவுப் பிழை என்று தள்ள முடியாது. உயரமும் ஏறியிருக்கிறது.

பிப்ரவரியில் வேண்டாம் என்று முதலில் எழுதியவள் நான்தான். இப்போது நானே சொல்கிறேன் ஆச்சி, செய்யுங்கள். எனக்கு 53, அவளுக்கு 52. எனக்கு வேண்டாம், அவளுக்கு வேண்டும். நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள். காத்திருந்தால் வளைவும் கூடும், விறைப்பும் கூடும், ஒட்ட வேண்டிய எலும்பும் கூடும்.

ஜூன் 24

அவளிடம் கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் மாமியார் சொன்னது, கொழுந்தனார் சொன்னது, ஜோசியர் சொன்னது எல்லாம் இருக்கிறது. அவள் சொன்னது எங்கேயும் இல்லை. எக்ஸ்ரேயை அவள் கையில் கொடுங்கள். என்ன செய்வார்கள், எவ்வளவு வலிக்கும், எது வளையாது, தழும்பு எவ்வளவு நீளம் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். டாக்டரிடம் அவளே கேட்க ஒரு பத்து நிமிஷம் வாங்கிக்கொடுங்கள்.

ஜூலை 7

அவள் கேட்ட மூன்று கேள்விகளையும் படித்தேன். சைக்கிள் ஓட்டலாமா, மயக்கத்திலிருந்து முழிக்கும்போது அம்மா பக்கத்தில் இருப்பீர்களா, ராடு வெயிலில் சுடுமா. மூன்றாவது கேள்வியை நம்மில் யாரும் யோசிக்கவே இல்லை. சுடாது என்று சொல்லுங்கள். உள்ளே உடம்புச் சூடுதான் இருக்கும்.

பணம்: காப்பீட்டு அட்டை இருக்கிறது என்றீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் இந்த ஆபரேஷன் அந்த மருத்துவமனையில் அதில் வருமா, ஸ்க்ரூவும் ராடும் சேர்த்தா, தனியா என்று அங்கே இருக்கும் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எவ்வளவு தேவைப்படும் என்றும் கேளுங்கள், சொந்தக்காரப் பையன்கள் தயாராக இருக்கட்டும். வேறு ஊரில் இன்னொரு டாக்டரிடமும் ஃபிலிமைக் காட்டுங்கள், கோயம்புத்தூர், வேலூர், சென்னை எங்கேயானாலும் சரி. முதல் டாக்டர் அதற்குக் கோபித்துக்கொண்டால் அதுவே ஒரு பதில்.

ஆகஸ்ட் 20, காலை 11.05

உள்ளே போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்று செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். ஆறு மணி நேரம் ஆகலாம். ஏதாவது சாப்பிடுங்கள் ஆச்சி. கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 20, மாலை 4.30

இரண்டு காலையும் அசைத்துவிட்டாள்!

செப்டம்பர் 1

நேற்று மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். முதல் மூன்று நாள் வலி பொறுக்க முடியவில்லை என்று அவளே சொன்னாள். அதை இங்கே எழுதச் சொன்னதும் அவள்தான். கட்டிலில் திரும்பும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், கட்டை உருள்வது மாதிரி. அந்தப் பழக்கம் வருவதற்கு ஒரு வாரம் ஆயிற்றாம். வளைவு 52லிருந்து 17க்கு வந்திருக்கிறது. முழுசாக நேராகவில்லையே என்று அவள் அப்பச்சி கேட்டிருக்கிறார். முழுசாக நேராக்க வேண்டும் என்பதற்காக நரம்பை இழுக்கக் கூடாது. 17 மிக நல்ல முடிவு.

நவம்பர் 24

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. பை தூக்கக் கூடாது, வீட்டுக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று என்று இரண்டு செட் புத்தகம். சைக்கிளுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கோலம் குனிந்து போட முடியாது, குத்தவைத்து உட்கார்ந்து போடுகிறாள்.

உயரம் கிட்டத்தட்ட ஒன்றரை இஞ்ச் கூடிவிட்டதால் பாவாடை எல்லாம் குட்டையாகிவிட்டது. பிள்ளையார் நோன்புக்குப் புதுசு தைக்கத் தையற்கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அளவெடுத்தவர் கையிலிருந்து நாடாவை வாங்கி, இரண்டு பக்கத்துக்கும் என்ன எண் வந்தது என்று அவளே பார்த்தாளாம். கால் இஞ்ச் வித்தியாசம் இருந்ததாம். ‘ரெண்டு பக்கமும் ஒண்ணா தச்சிடட்டுமா பாப்பா?’ என்று கேட்டிருக்கிறார். ‘வேண்டாம், எனக்கு இருக்கிற மாதிரியே தையுங்க’ என்றாளாம்.